சூடம் அணைத்த கை

தம்பிக்கு,

போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "அப்பா, இந்தத் தேர்தல்ல நான் சுயேச்சையா நிக்கலாம்னு இருக்கேன். நம்ம தெரு எனக்குப் போடும்ல?" என்று கேட்டாய். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் நம் தெரு மாரியம்மன் கோவில் வாசலில், இன்னொருவருக்கு ஓட்டுப் போடுவதாக எல்லா வீட்டுக்காரர்களும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தோம். முதலில் அணைத்த கை என்னுடையது. கையிலிருந்த கரி அன்றைக்கே கழுவினதில் போய்விட்டது. மற்றது போகவில்லை.

திரும்பக் கூப்பிட்டுப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வக்கீல். அரியலூர் கோர்ட்டில் பேசிப் பேசிப் பழகியவன். நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நாலு கேள்வி கேட்பாய். நான் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போய், சொல்ல வந்தது வழியில் நின்றுவிடும். அதனால்தான் காகிதம். நான் கைநாட்டு என்பது உனக்குத் தெரியும். எழுதுகிறவர் காதர் பாய். பாதி ஆயுளைச் சவுதியில் கழித்துவிட்டு வந்து, லெப்பைக்குடிக்காட்டில் வீடும் நம் பஸ் நிறுத்தத்தில் கடையுமாக இருக்கிறாரே, அவரேதான். அங்கிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதியே கையெழுத்து அழகானதாம். என் பேச்சைக் கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுகிறார். "தொகுதிப் பேரு, கட்சிப் பேரு எதுவும் வேணாம்ணே. காயிதம் நாளைக்கு எவன் கையில சிக்கும்னு யாரு கண்டா" என்கிறார். அதுவும் சரி. பழைய தொகுதி, புதுத் தொகுதி என்று சொன்னாலே உனக்கு விளங்கும்.

சூடத்தைப் பற்றி நீ சின்ன வயதிலிருந்தே கேலி பேசுவாய். "ஓட்டுப் போடறதுக்கு மறைப்பு வச்சிருக்கான், நீங்க கோவில் வாசல்ல வெட்டவெளிச்சமா போட்டுடறீங்க" என்பாய். அது எதற்காக வந்தது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. என் அப்பன் காலத்தில் ஓட்டு நாளன்று பண்ணையிலிருந்து மாட்டுவண்டி வரும். நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். இறங்கும் இடத்தில் காரியக்காரர் நின்றுகொண்டு ஒவ்வொருவனிடமும் எந்தச் சின்னம் என்று சொல்லி அனுப்புவார். மாற்றிப் போட்டான் என்று சந்தேகம் வந்தால் போதும், அந்த வருஷம் அவனுக்கு அறுப்பு வேலை கிடையாது. தனித்தனியாக எவனாலும் எதிர்க்க முடியவில்லை. அப்போதுதான் தெருப் பெரியவர்கள் இந்த வழியைப் பிடித்தார்கள். வண்டி வருவதற்கு முன்னாலேயே எல்லோரும் கூடி ஒருத்தருக்கென்று பேசி, சூடம் அணைத்துவிடுவது. பிறகு பண்ணைக்காரர் கூப்பிட்டுக் கேட்டால், "சூடம் அணைச்சுட்டேங்க சாமி, மாத்திப் போட்டா ஆத்தா எம் பிள்ளைய எடுத்துக்குவா" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அவராலும் அதற்குமேல் பேச முடியாது. அவர் வீட்டிலும் அம்மை வரும் இல்லையா? அவருக்குப் பயந்துகொண்டிருந்த நாம், அவரும் பயப்படுகிற ஒருத்தியைக் கண்டுபிடித்தோம். அப்படித்தான் நம் தெரு ஒரே கையாக ஆனது. உன் சட்டப் புத்தகத்தில் இதற்கு என்ன பெயரோ எனக்குத் தெரியாது. எங்களுக்கு அன்றைக்கு அதுதான் மறைப்பு.

அப்படி ஒரே கையாகச் சேர்த்த ஓட்டைக் கொடுத்து நாம் கேட்டது எப்போதும் ஒன்றைத்தான். சுடுகாட்டுக்கு ஒரு பாதை. ஓடைக்கு அக்கரையில் சுடுகாடு, இக்கரையில் ஊர்ப் பெரியவரின் பருத்திக்காடு, அந்தக் காட்டு வரப்பில்தான் பாடை போகவேண்டும். அதுவும் அவர் வாய் திறந்து போகச் சொன்ன பிறகு. மழைக்காலத்தில் செத்தவனைத் தோளுக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் இறங்க வேண்டும். வரப்பை அகலப்படுத்தி, ஓடையில் நாலு சிமெண்டுக் குழாயைப் பதித்து மேலே மண்ணைக் கொட்டினால் தீர்ந்தது. நம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு அரியலூர் ரோட்டில் டிப்பர் லாரிகள் பகலும் ராத்திரியும் போகின்றன. அந்தக் கல்லில் ஆன சிமெண்டில் எந்தெந்தச் சீமையிலோ பாலம் நிற்கிறது. நம் ஓடைக்கு நாலு குழாய் வரவில்லை. பெரம்பலூருக்கு மனு கொண்டுபோனோம். மாவட்டத்தைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும், "உங்க மனு அந்த ஆபீசுக்குப் போயிடுச்சுய்யா" என்றார்கள். நான் நடந்து தேய்ந்ததுதான் மிச்சம்.

பழைய தொகுதி தனித்தொகுதி. எந்தக் கட்சியாக இருந்தாலும் நம் ஆளைத்தான் நிறுத்தியாக வேண்டும். மற்ற எதிலும் நமக்குக் கடைசிப் பந்தி, இதில் ஒன்றிலாவது முதல் பந்தி என்று எங்களுக்கு ஒரு பெருமை. உன் மாமா முறைக்காரர் ஒருவர் ஜெயித்து எம்எல்ஏ ஆனார். உன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நம் வீட்டில் கேழ்வரகுக் களி தின்றவர். நன்றி சொல்ல ஜீப்பில் வந்து இறங்கினார். உன் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றவள், சுற்றுவதற்கு முன்னால், "அண்ணே, ஓடைக்குப் பாதை போடாம அடுத்த தடவ வந்தீன்னா, தட்டுல சாணியத்தான் கரைச்சு வச்சிருப்பேன்" என்றாள். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "வாங்க மச்சான், இப்பவே போயி கேட்டுடுவோம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பருத்திக்காட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார்.

காட்டுக்காரர் வாசலில் பல் குத்திக்கொண்டு இருந்தார். "வாப்பா, எம்எல்ஏ! ஜெயிச்சதும் நம்மள மறந்துட்டியோன்னு பாத்தேன். மோர் குடிக்கிறியா?" என்றார். இவர், "மறப்பனுங்களா? பாதை விசயமாத்தான் வந்தனுங்க" என்று இழுத்தார். "பாதையா? எவன் செத்துட்டான் இப்ப?" "யாரும் சாவலீங்க." "அப்பறம் என்ன அவசரம்? பாத்துக்கலாம் போ." அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. வரும் வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, என்னை மட்டும் புளியமரத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். "மச்சான், என்னைய நிறுத்தச் சொல்லிக் கட்சியில பேசுனதே அவருதான். நம்ம சனம் மட்டும் போட்டா நான் ஜெயிச்சிட முடியுமா? அவங்க நாலு பேரு சேந்து, 'இவன் வம்பு தும்புக்குப் போவமாட்டான்'னு சொன்னாத்தான் எனக்குச் சீட்டு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவருகூட மல்லுக்கு நிப்பேன்?"

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. தெருவுக்கு விளக்கு வந்தது அவரால்தான். உனக்கு ஹாஸ்டலில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த ஹாஸ்டல் சோறு இல்லாவிட்டால் இன்றைக்கு உனக்குக் கறுப்புக் கோட்டு கிடையாது, அதை மறந்துவிடாதே. கையெழுத்துப் போட்டு முடிகிற காரியத்தை எல்லாம் செய்து கொடுத்தார். ஒருத்தருடைய முகத்தைப் பார்த்துப் பேசி முடிக்க வேண்டிய காரியம் மட்டும் அவரால் ஆகவில்லை. பெட்டி நம்முடையதாக இருந்தது, சாவி அவர்கள் இடுப்பில் இருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதே கதைதான். ஆள் மாறும், கட்சி மாறும், எல்லோரும் முதலில் அந்த வாசலுக்குப் போய்விட்டுத்தான் நம் தெருவுக்கு வருவார்கள்.

பிறகு ஒருநாள் அந்தத் தொகுதியே இல்லை என்றார்கள். நீ அப்போது திருச்சியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாய். காதர் பாய் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "ஆட்டைக் காணோம்னா ஸ்டேஷன்ல சொல்லலாம். தொகுதியக் காணோம்னா யாருட்டண்ணே சொல்றது?" என்று கேட்டார். நீ லீவுக்கு வந்தபோது, ஜனத்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினாய். நம்மோடு இருந்த சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின, பழகாத ஊர்கள் நம்மோடு வந்தன. டில்லிக்குப் போகிற ஓட்டைச் சிதம்பரத்தோடு சேர்த்துவிட்டார்கள். கடலைப் பார்த்தே அறியாத நாம் கடற்கரைக்காரர்களோடு சேர்ந்து ஓட்டுப் போடுகிறோம். புதுத் தொகுதி பொதுத்தொகுதி என்றாய். "பொதுன்னா எல்லாருக்கும்தானேடா? நம்ம ஆளும் நிக்கலாம்ல?" என்று கேட்டேன். "நிக்கலாம்ப்பா, யாரும் தடுக்க முடியாது" என்றாய். நீ சொன்னது பொய்யில்லை. யாரும் தடுக்கவில்லை. எந்தக் கட்சியும் கூப்பிடவும் இல்லை. பழைய தொகுதியில் ஆளாவது நம் ஆள். புதுத் தொகுதியில் ஆளும் அவர்கள், சாவியும் அவர்கள். நான் பார்த்தவரையில் வித்தியாசம் இதுதான்.

உன் அம்மா ஐப்பசி அடைமழையில் போனாள். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாடையின் முன்பக்கக் கொம்பு உன் தோளில்தான் இருந்தது. ஆனால் நீ முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தாய், பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அப்போதைய எம்எல்ஏ துக்கத்துக்கு வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். நம் தெரு முனைவரை கார் வந்தது. அதற்குமேல் பாடை போன வரப்பு, ஒரே சேறு. கீழே இறங்கிப் பார்த்தார், வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். "பாதை இப்புடியா கிடக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மாலையை ஒரு பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் காரைத் திருப்பச் சொன்னார். எந்தப் பாதையை உன் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்று கேட்டாளோ, அந்தப் பாதை இல்லாததால் அவள் முகத்தைப் பார்க்கவும் அவரால் வரமுடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, அசதியாக இருந்தது. ஓடையில் இடுப்புத் தண்ணீரில் நீ சறுக்கி, பாடை ஒரு பக்கம் சாய்ந்து, அவள் கால் நனைந்தது. அக்கரை ஏறியதும் நீ யாரையும் பார்க்காமல், "நான் நிக்கிறேன்ப்பா. ஒரு நாள் நானே நிக்கிறேன்" என்றாய். துக்கத்தில் பேசுகிறாய் என்று விட்டுவிட்டேன். நீ மறக்கவில்லை என்பது போன் வந்தபோதுதான் தெரிந்தது.

இந்தத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன். உன் வயதுதான் இருக்கும். நேராக நம் தெருவுக்கு வந்தார். "பெரியப்பா, பேசிப்பேசி ஏமாத்துற பழக்கம் நமக்கில்ல. நாளைக்கே ரெண்டு டிப்பர் கிராவல் ஓடைக்கரையில எறங்குது. ஜெயிச்ச மறுமாசம் குழாய் எறங்கும்" என்றார். சொன்னபடியே மறுநாள் கல் இறங்கியது. தெரு முழுக்கப் போய் வேடிக்கை பார்த்தது. இத்தனை காலத்தில் ஓட்டுக்கு முன்னால் ஒரு கல்லாவது வந்து விழுந்தது இதுதான் முதல் தடவை. உன் பெரியம்மா மகன், "இதுக்கு மேல என்ன வேணும் சித்தப்பா, சூடத்த ஏத்துங்க" என்றான். வயதில் மூத்தவன் நான், முதல் கையை வைத்தேன். நீ நிற்கப் போகிறாய் என்று ஒரு வாரம் முந்திச் சொல்லியிருந்தால் அந்தக் கை நீண்டிருக்காது. கோர்ட்டில் வாய்தா கேட்டுக் கேட்டு, எதற்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டாயோ என்னவோ.

இதற்கு ஏதாவது வழி உண்டா என்று நானும் பார்த்தேன். போன திங்கட்கிழமை சிறுவாச்சூர் ஆத்தா கோவிலுக்குப் போனேன். அங்கே வெள்ளியும் திங்களும்தானே நடை திறப்பார்கள். நல்ல கூட்டம். பெண்கள் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். பூசாரியை ஓரமாகப் பிடித்து, "சாமி, அணைச்ச சூடத்துக்கு ஏதாவது பரிகாரம் உண்டுங்களா?" என்று கேட்டேன். "கடனா, பங்காளித் தகராறா?" என்றார். "ஓட்டுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "யாருக்கு வாக்குக் குடுத்தீங்களோ அவர்ட்ட போயி திருப்பிக் கேளுங்க பெரியவரே. ஆத்தாவ ஏன் நடுவுல இழுக்கறீங்க" என்றார். அவரிடம் போய், என் மகன் உங்களுக்கு எதிராக நிற்கிறான், வாக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு நா வருமா? வந்து இதைச் சொன்னதும் காதர் பாய், "மிசின்ல அமுக்கறது எவனுக்குத் தெரியப் போவுது? புள்ளைக்கே போட்டுட்டு வாண்ணே" என்றார். எவனுக்கும் தெரியாதுதான். தம்பி, உன் அம்மா இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, இந்தக் கை அணைத்த சூடத்தை ஒரு தடவைகூட மாற்றியதில்லை. படிப்பு இல்லை, நிலம் இல்லை. தெருவில் நாலு பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள் என்றால் அது இந்த ஒன்றுக்காகத்தான். மகனுக்காக மாற்றினேன் என்றால், நாளைக்கு நீ ஜெயித்து வந்து ஒரு வாக்குக் கொடுக்கும்போது, அதை எவன் நம்புவான்?

ஆகவே என் பதில் இதுதான், பொறுமையாகக் கேள். நீ நில். இந்தத் தடவை தோற்பாய். எனக்குத் தெரிகிறது, உனக்கும் தெரியும். தோற்றாலும் நில். பொதுத்தொகுதியில் நம் ஆளும் நிற்கலாம் என்று நீ கோடு போட்டுக் காட்டினாயே, அது தரையில் போட்ட கோடாகவே போய்விடக் கூடாது. அந்தப் பருத்திக்காட்டு வாசலுக்கு முதலில் போகாதே. கடைசியில் போ, எல்லார் வாசலுக்கும் போவதைப் போல. நம் தெருவுக்கு வரும்போது பாதை போடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. வேறு ஒன்றைச் சொல். "எனக்காக யாரும் சூடம் அணைக்க வேணாம், அவங்கவங்க இஷ்டம்" என்று சொல். என் அப்பன் காலத்துப் பண்ணைக்காரரிடமிருந்து தப்பிப்பதற்கு அன்றைக்குக் கட்டின கயிறு அது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கயிறு நம் காலில் கிடக்கிறது. அதை என்னால் அவிழ்க்க முடியாது. உன்னை மாதிரி வெளியே போய் வந்தவன் அவிழ்த்தால் உண்டு. சில பேர் முகம் சுளிப்பார்கள், நானே சுளிப்பேன். நீ பாட்டுக்குச் சொல்.

நீ மனுக் கொடுக்கிற அன்றைக்கு நான் வருவேன். வெள்ளை வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் உன்னோடு ஊர் ஊராக வருவேன். காலில் வீக்கம் இருக்கிறது, ஆட்டோ வைத்துக்கொள். ஒவ்வொரு தெருவிலும் இறங்கி, "நான் மகனுக்குப் போட முடியாதுங்க, ஆத்தா வாசல்ல சூடம் அணைச்சுட்டேன். நீங்க அணைக்கலையே. நீங்க போடுங்க" என்று கேட்பேன். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பெற்ற மகனுக்கே வாக்கை மாற்றாதவன் வந்து கேட்கிறான் என்று ஒரு வீட்டிலாவது நினைக்க மாட்டார்களா? இதை எழுதும்போது காதர் பாய் பேனாவை வைத்துவிட்டு, "என்னைய எந்தச் சூடமும் கட்டாதுண்ணே. எழுதறவன் ஓட்டு உனக்குத்தான் தம்பின்னு ஒரு வரி சேத்துக்கவா?" என்கிறார். சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். லெப்பைக்குடிக்காட்டுப் பூத்தில் உனக்கு ஒரு ஓட்டு உறுதி.

ஓட்டு நாளன்று நான் பூத்துக்குள் போய் முதலில் உன் சின்னத்தைத் தேடுவேன். எனக்கு உன் பெயரைப் படிக்கத் தெரியாது, சின்னம்தான் உன் பெயர். மிசினில் அது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, கையை வேறு இடத்தில் வைப்பேன். அன்றைக்கு நான் வெளியே வரும்போது என் முகத்தைப் பார்க்காதே.

அடுத்த தேர்தலுக்கு என் ஓட்டு உனக்குத்தான், இருந்தேன் என்றால். இல்லாமல் போய்விட்டால், அதுவும் மழைக்காலமாக இருந்துவிட்டால், முன்பக்கக் கொம்பை நீயே பிடித்துக்கொள். அம்மாவைத் தூக்கிய அதே இடத்தில் ஓடையில் இறங்கு, அங்கேதான் அடிமண் கெட்டி. கரையில் கொட்டி வைத்திருக்கிற அந்தக் கிராவல் குவியலைப் பார்த்துப் பாதை என்று நம்பிக் காலை வைத்துவிடாதே. நேற்றுப் போய் மிதித்துப் பார்த்தேன். சரிகிறது.

அப்பா